விட்மனை ஸ்பானிஷில் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் ‘சாங் ஆஃப் மைசெல்ஃப்’ நெடுங்கவிதையின் முதல் வரி ‘ஐ செலப்ரேட் மைசெல்ஃப், அண்ட் சிங் மைசெல்ஃப்’. லெயோன் ஃபெலிப்பே என்ற ஸ்பானியக் கவிஞர் இதை ‘மே செலேப்ரோ இ மே காந்தோ அ மீ மீஸ்மோ’ என்று எழுதினார். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் ‘யோ மே செலேப்ரோ இ யோ மே காந்தோ’ என்றார். ‘யோ’ என்றால் நான். தமிழைப் போலவே ஸ்பானிஷிலும் வினைச்சொல்லின் விகுதியைப் பார்த்தாலே பேசுவது யார் என்று தெரிந்துவிடும். ‘பாடுகிறேன்’ என்றால் போதும், ‘நான்’ தேவையில்லை. வலிய வந்து நின்றால் அந்த ‘நான்’ அழுத்தமாகக் கேட்கும். ஃபெலிப்பே அதை விட்டுவிட்டு, வரியின் கடைசியில் ‘என்னையே’ என்று ஊன்றினார். போர்ஹெஸ் இரண்டு தடவை ‘நான்’ போட்டார். ஆங்கிலத்தில் ‘ஐ’ இல்லாமல் வாக்கியமே நிற்காது என்பதால், விட்மன் எவ்வளவு அழுத்தினார் என்பது அங்கே தெரிவதில்லை. ஸ்பானிஷுக்கு வந்ததும் யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

இந்த ஒரு வரிதான் என்னை இதற்குள் இழுத்தது. அப்போது எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ், கடையில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். ஆங்கில மூலம் ஒரு பக்கம், இரண்டு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புகள் இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டு படித்தால் அந்த அளவே போதுமானது என்று பிறகு தெரிந்தது. ஆங்கிலம் தெரிந்து, ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கும், மொழிபெயர்ப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

தொடங்குமுன் உச்சரிப்பு பற்றி ஒரு சொல். ஸ்பானிஷில் ‘எச்’ எழுத்துக்கு ஒலியே கிடையாது. ‘ஜே’ எழுத்து நம் ‘ஹ’ போல ஒலிக்கும். ‘வி’ எழுத்தும் ‘பி’ எழுத்தும் ஒரே ஒலிதான். மற்றபடி பெரும்பாலும் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம். விட்மனை வாய்விட்டுப் படிக்காமல் பயனில்லை என்பதால்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படி 1: எந்த ஆங்கில மூலம்?

விட்மன் எழுதியது ஏறக்குறைய ஒரே ஒரு கவிதை நூல்தான். ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ முதலில் 1855-ல் வந்தது. தலைப்பில்லாத 12 கவிதைகள், முன்னால் ஒரு நீண்ட உரைநடை முன்னுரை, தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர்கூடக் கிடையாது. அதற்குப் பிறகு 1892-ல் இறக்கும் வரை அதே நூலைத் திருத்தித் திருத்தி, சேர்த்துச் சேர்த்து வெளியிட்டுக்கொண்டே இருந்தார். 1856, 1860, 1867, 1871, 1881 என்று போய், கடைசியாக 1891-92 பதிப்பு. அதை ‘மரணப் படுக்கைப் பதிப்பு’ என்று சொல்வார்கள்.

இது ஏன் முக்கியம்? 1855-ல் முதல் வரி ‘ஐ செலப்ரேட் மைசெல்ஃப்’ என்பதோடு நின்றுவிடுகிறது. ‘அண்ட் சிங் மைசெல்ஃப்’ 1881-ல் ஒட்டியது. ‘சாங் ஆஃப் மைசெல்ஃப்’ என்ற தலைப்பும் அப்போது வைத்ததுதான். ஆகவே ஸ்பானிஷ் நூலைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ‘மே காந்தோ’ இருக்கிறதா? அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் கையில் இருந்தது பிற்காலப் பதிப்பு. நீங்களும் 1891-92 பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1855 பாடத்தை மட்டும் மொழிபெயர்த்த நூல் கைக்கு வந்தால் ஆங்கிலத்திலும் அதையே தேடுங்கள். இதைக் கவனிக்காமல், மொழிபெயர்ப்பாளர் பாதி வரியை விழுங்கிவிட்டார் என்று நான் ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த ஆங்கிலப் பதிப்புதான் வேறு.

விட்மனின் எல்லாப் பதிப்புகளும் ‘வால்ட் விட்மன் ஆர்க்கைவ்’ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சில மொழிபெயர்ப்புகளும் அங்கே உண்டு.

படி 2: யார் யார் மொழிபெயர்த்தார்கள்?

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள். ஆட்களைத் தெரிந்துகொண்டால் வரிகள் பாதி புரிந்துவிடும்.

ஸ்பானிஷ் உலகுக்கு விட்மனை முதலில் பெரிய அளவில் கொண்டுபோனது கவிதை மொழிபெயர்ப்பு அல்ல, பத்திரிகைக் கட்டுரை ஒன்று. கியூபாவின் கவிஞர் ஹோசே மார்த்தி அப்போது நியூயார்க்கில் நாடுகடந்து வாழ்ந்துகொண்டிருந்தார். 1887 ஏப்ரல் 14 அன்று மாடிசன் ஸ்கொயர் தியேட்டரில் ஆபிரகாம் லிங்கனைப் பற்றி விட்மன் உரையாற்றினார். அதை ஒட்டி மார்த்தி எழுதிய ‘எல் போயேத்தா வால்ட் விட்மன்’ கட்டுரை மெக்சிகோவிலும் புவெனஸ் அயர்ஸிலும் நாளிதழ்களில் வெளிவந்தது. விட்மனின் வரிகளைத் தன் உரைநடைக்குள் கரைத்துக் கரைத்து எழுதியிருப்பார். எது விட்மன், எது மார்த்தி என்று பிரிப்பதே கஷ்டம். மூன்று வருஷம் கழித்து நிகரகுவாவின் கவிஞர் ரூபென் தாரியோ ‘அசூல்’ நூலின் இரண்டாம் பதிப்பில் விட்மன் மேல் ஒரு சானெட் (பதினான்கு வரிக் கவிதை) சேர்த்தார். இரும்பு நாட்டில் வாழும் அழகான முதியவர், குலத்தலைவர் போன்றவர், சாந்தமானவர், புனிதர் என்று போகும். அசல் விட்மனின் வரி ஒன்றுகூடப் படிக்காமலே, வெள்ளைத் தாடியும் தீர்க்கதரிசி முகமுமாக ஒரு விட்மன் லத்தீன் அமெரிக்காவில் உருவாகிவிட்டார். பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் இந்தப் படத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஸ்பானியக் கவிஞர் லோர்காகூட அவருடைய ‘ஓதா அ வால்ட் விட்மன்’ கவிதையில் அந்தத் தாடியை விடவில்லை. அதில் பட்டாம்பூச்சிகளை நிரப்பிவிட்டார், அவ்வளவுதான்.

நூலாக முதலில் வந்தது ஆல்வரோ அர்மாந்தோ வஸ்ஸேர் என்ற உருகுவே கவிஞரின் ‘போயேமாஸ்’. 1912, ஸ்பெயினின் வலென்சியா நகரில் செம்பெரே பதிப்பகம். மலிவு விலைப் பதிப்பு என்பதால் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் நன்றாகப் பரவியது. வஸ்ஸேர் நேரடியாக ஆங்கிலத்திலிருந்து செய்யவில்லை, லூயிஜி கம்பெராலேயின் இத்தாலிய மொழிபெயர்ப்பைப் பெரிதும் சார்ந்திருந்தார் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வரிகளை இடம் மாற்றினார், சிலவற்றை விட்டார், சிலவற்றைத் தானாகவே சேர்த்தார். வழிவழி மொழிபெயர்ப்புதான், துல்லியம் பார்த்தால் தேறாது. ஆனால் ஒரு தலைமுறை லத்தீன் அமெரிக்கக் கவிஞர்கள் படித்த விட்மன் இவர்தான். விட்மன் ஆர்க்கைவில் இந்த நூலைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து இத்தாலியன், அதிலிருந்து ஸ்பானிஷ், அதிலிருந்து மறுபடி ஆங்கிலம். ஒரு ஊரில் கிளம்பிய வதந்தி நாலு ஊர் சுற்றி வீட்டு வாசலுக்கே திரும்பி வந்த கதைதான். பத்து வரி ஒப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பும் வரும், வியப்பும் வரும்.

அடுத்தவர் லெயோன் ஃபெலிப்பே. மருந்தாளுநர், ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்களில் நடித்தவர், ஸ்பானிய உள்நாட்டுப் போரை ஒட்டி மெக்சிகோவில் அடைக்கலம் புகுந்தவர். ‘சாங் ஆஃப் மைசெல்ஃப்’-க்கு அவர் செய்த மொழிபெயர்ப்பான ‘காந்தோ அ மீ மீஸ்மோ’ 1941-ல் புவெனஸ் அயர்ஸின் லொசாதா பதிப்பகத்தில் வந்தது. முன்னுரையைக்கூடக் கவிதையாகவே எழுதியிருப்பார். நீண்ட வரிகளை வெட்டிச் சிறு சிறு வரிகளாக அடுக்குவார். மேடையில் நின்று பேசுகிற குரல். இணையத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரில்லாமல் விட்மனின் ஸ்பானிஷ் வரி கண்ணில் பட்டால், பெரும்பாலும் அது இவருடையதாக இருக்கும்.

கோஞ்சா சர்தோயா 1946-ல் மாட்ரிட்டின் அகிலார் பதிப்பகத்துக்காக ‘ஓப்ராஸ் எஸ்கோஹீதாஸ்’ என்ற தேர்ந்தெடுத்த தொகுப்பைத் தந்தார். கவிதையும் உரைநடையும் ஒரே நூலில், குறிப்புகளோடும் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையோடும். பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

1950-களில் எக்வடோரின் கீட்டோ நகரில் ஃபிரான்சிஸ்கோ அலெக்சாண்டர் ‘ஓஹாஸ் தே இயெர்பா’ (‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’) முழு நூலையும் 1891-92 பாடத்தின்படி நேரடியாக ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தார். ‘காசா தே லா குல்தூரா எக்குவாத்தோரியானா’ வெளியீடு. எதையும் விடாத, எதையும் சேர்க்காத உழைப்பு. புகழ் என்னவோ மற்றவர்களுக்குத்தான் போனது.

அப்புறம் போர்ஹெஸ். பதின்வயதில் ஜெனிவாவில் இருந்தபோது விட்மனை முதலில் ஜெர்மன் மொழிபெயர்ப்பில்தான் படித்தார். பிறகு லண்டனிலிருந்து ஆங்கில நூலை வரவழைத்தார். ஃபெலிப்பேயின் நூல் வந்தபோது ‘சுர்’ இதழில் அதைக் கடுமையாக விமர்சித்தார். பைபிளின் சங்கீதங்களைப் போல நீளும் குரல், அந்தலூசியப் பாட்டின் கர்வமான சிறு கூச்சல்களாகிவிட்டது என்பது அவர் குறை. சொன்னவர் சும்மா இருக்கவில்லை. 1969-ல் ஓவியர் அந்தோனியோ பெர்னியின் படங்களோடு தன் மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார். முழு நூல் அல்ல, தேர்ந்தெடுத்த பகுதிகள். தன் மொழிபெயர்ப்பு, சொந்த விளக்கத்துக்கும் வேறு வழியின்றி ஏற்ற கறார்த்தனத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது என்று முன்னுரையில் தானே ஒப்புக்கொள்கிறார். அதே முன்னுரையில், இருப்பவற்றில் அலெக்சாண்டருடையதே சிறந்தது, ஆனால் சொல்லுக்குச் சொல் போவதில் மிகைப்படுகிறது என்று எழுதி, அதற்குக் காரணம் பக்தியாக இருக்கலாம் அல்லது அகராதியை அதிகம் புரட்டியதாக இருக்கலாம் என்று ஒரு குத்தும் வைக்கிறார்.

நம் காலத்தில் எதுவார்தோ மோகாவின் மொழிபெயர்ப்பு 2014-ல் பார்சலோனாவின் கலாக்சியா குட்டன்பெர்க் வெளியீடாக வந்தது. முழு நூலும் இன்றைய ஸ்பானிஷில் வேண்டுமென்றால் இது.

எதில் தொடங்குவது என்று கேட்டால், என் பரிந்துரை போர்ஹெஸ், ஃபெலிப்பே இரண்டும் கையில், சந்தேகம் வந்தால் அலெக்சாண்டர். வஸ்ஸேரை வரலாற்றுக்காக எட்டிப் பார்த்தால் போதும்.

படி 3: காசு கொடுக்கும் முன்

‘ஓஹாஸ் தே இயெர்பா’ என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே முழு நூலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நான் இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய புத்தகத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லை. கவிதைகளும் கால்வாசிதான். உள்பக்கத்தில் ‘செலெக்சியோன்’ என்றிருந்தால் தேர்ந்தெடுத்தவை மட்டும். ‘இன்தேக்ரா’ அல்லது ‘கொம்ப்ளேத்தா’ என்றிருந்தால் முழுவதும். ‘பிலிங்குவே’ என்றால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு மொழியும். ‘த்ரதுக்சியோன்’ என்றால் மொழிபெயர்ப்பு. ‘பெர்சியோன்’ என்று போட்டிருந்தால் கொஞ்சம் சுதந்திரம் எடுத்திருக்கலாம் என்று எதிர்பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாத புத்தகத்தை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

விட்மனின் ஆங்கிலத்துக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. மொழிபெயர்ப்புகளுக்கு அப்படியில்லை. ஸ்பெயினில், 1987 டிசம்பருக்கு முன் இறந்த எழுத்தாளர்களுக்கு இறப்புக்குப் பின் 80 ஆண்டுகள். ஃபெலிப்பே 1968-லும் போர்ஹெஸ் 1986-லும் இறந்தார்கள், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘நோ தே தெத்தெங்காஸ்’, அதாவது ‘நின்றுவிடாதே’ என்ற தலைப்பில் ஒரு கவிதை விட்மன் பெயரில் ஸ்பானிஷ் இணையமெங்கும் சுற்றுகிறது. கொஞ்சமாவது வளராமல் இந்த நாளை முடித்துவிடாதே என்று தொடங்கும். பட்டமளிப்பு விழாக்களில் வாசிக்கிறார்கள், கோப்பைகளில்கூட அச்சடிக்கிறார்கள். ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ முழுவதும் தேடினாலும் அது கிடைக்காது. அதற்குள்ளேயே ‘இறந்த கவிஞர்கள்’, ‘வாழும் கவிஞர்கள்’ என்று 1989-ல் வந்த ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ என்ற அமெரிக்கப் படத்தின் வாடை அடிக்கிறது. நம் வாட்ஸ்அப்பில் அப்துல் கலாம் பெயரில் வரும் பொன்மொழிகளுக்கு அங்கே இருக்கும் பங்காளி.

படி 4: ஒரு சோறு பதம்

முழுக் கவிதையையும் ஒப்பிட உட்கார்ந்தால் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவீர்கள். மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நோட்டில் மூலம் ஒரு வரி, மொழிபெயர்ப்புகள் கீழே, அதன் கீழே உங்கள் தமிழில் சொல்லுக்குச் சொல் அர்த்தம் என்று எழுதுங்கள். தமிழில் எழுதும்போதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

முதல் இடம், நெடுங்கவிதையின் ஐந்தாம் வரி வரை. ‘ஐ லோஃப் அண்ட் இன்வைட் மை சோல்’ என்கிறார் விட்மன். ‘லோஃப்’ என்றால் வெட்டியாகச் சுற்றுவது, சும்மா கிடப்பது. ஃபெலிப்பேயிடம் ‘பாகோ… எ இன்பீத்தோ அ பாகார் அ மி ஆல்மா’: திரிகிறேன், என் ஆன்மாவையும் திரிய அழைக்கிறேன். எதற்கு அழைக்கிறார் என்று விட்மன் சொல்லவில்லை, ஃபெலிப்பே சொல்லிவிடுகிறார். போர்ஹெஸிடம் ‘இந்தொலேந்தே இ ஒசியோசோ கொன்பீதோ அ மி ஆல்மா’: சோம்பலாய், வேலையற்றவனாய் என் ஆன்மாவை விருந்தழைக்கிறேன். இங்கே வினைச்சொல் போய் இரண்டு பெயரடைகள் வந்துவிட்டன. ஆள் நகரவே இல்லை. ஃபெலிப்பேயின் விட்மன் நடக்கிறார், போர்ஹெஸின் விட்மன் சாய்ந்து கிடக்கிறார். மூலத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

இரண்டாவது இடம், 51-ஆம் பகுதி. ‘டூ ஐ கான்ட்ரடிக்ட் மைசெல்ஃப்? வெரி வெல் தென் ஐ கான்ட்ரடிக்ட் மைசெல்ஃப்.’ போர்ஹெஸ் அப்படியே போகிறார்: முரண்படுகிறேனா? நல்லது, முரண்படுகிறேன். ஃபெலிப்பேயோ, ‘புவேஸ் சீ, மே கொன்த்ரதீகோ. இ, கே?’ என்கிறார். ‘ஆமாம், முரண்படுகிறேன். அதுக்கென்ன இப்போ?’ அந்த ‘அதுக்கென்ன இப்போ’ மூலத்தில் எங்குமே இல்லை. போர்ஹெஸ் சொன்ன சிறு கூச்சல் இதுதான் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ஸ்பானிஷ் பேசுகிற தோழி ஒருத்தியிடம் வாசித்தும் காட்டினேன். அவள் மனப்பாடமாகச் சொன்னது அந்தக் கூச்சலைத்தான். அடைப்புக்குறிக்குள் வரும் ‘ஐ ஆம் லார்ஜ்’ என்பதை ஃபெலிப்பே ‘பிரம்மாண்டமானவன்’ என்கிறார், போர்ஹெஸ் ‘அகன்றவன்’ என்கிறார். ‘அதுக்கென்ன இப்போ’ என்று கேட்கிறவன் தன்னைப் பிரம்மாண்டமானவன் என்றுதான் சொல்லிக்கொள்வான், அதில் தப்பு காண முடியவில்லை.

மூன்றாவது இடம் 52-ஆம் பகுதியின் ‘பார்பரிக் யாப்’. ‘யாப்’ என்பது நாயின் கத்தலுக்கும் பறவையின் கரைதலுக்கும் மனிதனின் ஊளைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும் ஒலி. ஸ்பானிஷில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை. கையில் இருக்கும் மொழிபெயர்ப்பில் எந்த விலங்கு கத்துகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். (தமிழில் எழுத உட்கார்ந்தவருக்கு ‘யாப்’ என்ற ஒலியே ‘யாப்பு’ என்று கேட்டு வைக்கும். யாப்பை விட்டு ஓடியவருக்கு இப்படி ஒரு சொல்.)

குறை கண்டுபிடிப்பதிலேயே மனம் போய்விட்டால், போர்ஹெஸ் அதே முன்னுரையில் சொல்லும் ஒரு நினைவைப் படியுங்கள். எப்போதோ அவர் மேக்பெத் நாடகம் பார்க்கப் போனார். மொழிபெயர்ப்பு மோசம், நடிகர்கள் மோசம், திரைச்சீலை ஓவியமும் மோசம். ஆனாலும் வெளியே தெருவுக்கு வந்தபோது துன்பியலின் தாக்கத்தில் நொறுங்கிப்போயிருந்தாராம். ஷேக்ஸ்பியர் எப்படியோ வழி பண்ணிக்கொண்டார், விட்மனும் பண்ணிக்கொள்வார் என்கிறார்.

படி 5: ‘யூ’ யார்?

விட்மன் வாசகனைக் கையைப் பிடித்து இழுத்துப் பேசுகிறவர். ஆங்கிலத்தின் ‘யூ’ ஒருவரா பலரா, நெருக்கமா மரியாதையா என்று சொல்லாது. ஸ்பானிஷ் சொல்லியே ஆகவேண்டும். ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தேத்’ என்றால் மரியாதையான நீங்கள். பலரைக் குறிக்க ஸ்பெயினில் ‘போசோத்ரோஸ்’, லத்தீன் அமெரிக்காவில் ‘உஸ்தேதெஸ்’. அர்ஜென்டினாவில் அன்றாடப் பேச்சில் ‘தூ’வுக்குப் பதில் ‘போஸ்’. நீ, நீங்கள், நீர் என்று பழகிய நமக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. மரியாதை வடிவத்துக்கு விட்மனிடம் இடமே இல்லை, எல்லோரும் ‘தூ’ என்றே அழைக்கிறார்கள். சிக்கல் எண்ணிக்கையில்தான். ‘கிராசிங் புரூக்ளின் ஃபெரி’ கவிதையில் படகில் நிற்கும் கூட்டத்தையும், பல தலைமுறை தாண்டி வரப்போகும் ஒற்றை வாசகனையும் ஒரே ‘யூ’வால் மாறி மாறி அழைப்பார். மொழிபெயர்ப்பில் எந்த வரியில் பன்மை ஒருமையாகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். கவிதையின் திருப்பமே அங்கேதான் இருக்கும்.

பால் இன்னொரு சிக்கல். ஸ்பானிஷில் பெயரடைக்கும் பால் உண்டு. ‘ஆல்மா’, அதாவது ஆன்மா, பெண்பால். ‘சாங் ஆஃப் மைசெல்ஃப்’ ஐந்தாம் பகுதியில் விட்மன் தன் ஆன்மாவோடு ஒரு கோடைக் காலையில் புல்லில் படுத்திருந்ததை நினைத்துப் பார்க்கிறார். உடல் நெருக்கம் மிகுந்த வரிகள் அவை. ஆங்கிலத்தில் அந்த ‘யூ’ ஆணா பெண்ணா என்று தெரியாது, தெரியாததே அதன் சக்தி. ஸ்பானிஷில் ‘ஆல்மா’ என்று விளித்த கணமே இலக்கணம் ஒரு பெண்ணைப் பக்கத்தில் படுக்க வைத்துவிடுகிறது. நல்ல மொழிபெயர்ப்பாளர் அங்கே பெயரடையே வராமல் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொண்டாரா என்று தேடுங்கள். ‘காலமஸ்’ கவிதைகளில் இது எதிர்ப்பக்கமாக வரும். ஆண் ஆணை நேசிக்கும் அந்தக் கவிதைகளில் ‘தி ஒன் ஐ லவ் மோஸ்ட்’ என்ற இடத்தில் ஸ்பானிஷ் ஆண்பால் ‘எல்’ போடுகிறதா, பொதுவாக ‘பெர்சோனா’ (நபர்) என்று நழுவுகிறதா? ஒரு எழுத்தில் மொழிபெயர்ப்பாளரின் துணிச்சல் தெரிந்துவிடும்.

படி 6: காதால் படியுங்கள்

‘சாங் ஆஃப் மைசெல்ஃப்’ 15-ஆம் பகுதியில் ஒரு பெரிய பட்டியல் வரும். பாடகி, தச்சன், மாலுமி, பைத்தியக்காரன், நூற்கும் பெண், விலைமகள் என்று வரிசையாக, பெரும்பாலான வரிகள் ‘தி’ என்று தொடங்கும். ஒரே இடத்தில் சுத்தியல் அடிப்பது போல இருக்கும். ஸ்பானிஷில் அந்த ‘தி’ ஆளுக்கேற்ப ‘எல்’, ‘லா’, ‘லோஸ்’, ‘லாஸ்’ என்று மாறும். சுத்தியல் தாளம் குலைந்து வேறு ஒரு தாளம் வருகிறது. என் காதுக்கு அது பறையை வைத்துவிட்டு தவிலை எடுத்த மாதிரி. மோசமில்லை, வேறு வாத்தியம்.

‘அவுட் ஆஃப் தி கிரேடில் எண்ட்லெஸ்லி ராக்கிங்’ கவிதையின் தலைப்பிலேயே இன்னொரு முட்டுக்கட்டை. ஆங்கிலத்தின் ‘-இங்’ வடிவத்தைப் பெயருக்கு அடையாக ஸ்பானிஷ் பொதுவாக அனுமதிப்பதில்லை. ‘ஆடுகிற’ என்று சொல்ல ‘கே சே மேசே’, அதாவது ‘எது ஆடுகிறதோ அது’ என்ற மாதிரி ஒரு துணை வாக்கியம் கட்ட வேண்டும். விட்மனின் ஊஞ்சல் அசைவு அங்கே ஒரு கணம் தட்டிப்போகும். தமிழில் ‘ஓயாது ஆடும் தொட்டில்’ என்று பெயரெச்சம் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவதைப் பார்த்தால் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கிறது.

ஸ்பானிஷுக்கு லாபமான இடமும் உண்டு. நூலின் பெயரே அதற்குச் சாட்சி. ‘லீவ்ஸ்’ என்றால் இலையும் புத்தகத் தாளும். ஸ்பானிஷ் ‘ஓஹாஸ்’ என்பதற்கும் அதே இரண்டு அர்த்தம். சிலேடை சேதாரமில்லாமல் கரை சேர்ந்துவிட்டது. புல்லின் ஒற்றை இதழுக்கு இயல்பான ஸ்பானிஷ் சொல் ‘ப்ரிஸ்னா’. அதைப் போட்டிருந்தால் தாள் போயிருக்கும். தமிழில் ந. பிச்சமூர்த்தி தன் புதுக்கவிதை முயற்சிக்கு வித்திட்டது விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ என்று எழுதியிருக்கிறார். ‘இதழ்’ பூவுக்கும் ஆகும், பத்திரிகைக்கும் ஆகும். நமக்கும் சிலேடை தப்பவில்லை. பாரதியும் தன் கட்டுரை ஒன்றில், விட்மனின் பாட்டு வசன நடை போலிருக்கும், எதுகை மோனை இருக்காது என்று அறிமுகம் செய்கிறார். மார்த்தியைப் போலவே இங்கும் கட்டுரைதான் முதலில் வந்திருக்கிறது.

‘இயெர்பா’வை ‘யெர்பா’ என்றும் எழுதுவார்கள். அர்ஜென்டினா, உருகுவே பக்கம் ‘யெர்பா’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாத்தே பானத்துக்கான இலைதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 7: விட்மனே போட்ட ஸ்பானிஷ்

விட்மனுக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஆனால் அதன் ஒலி மேல் ஆசை. ‘லிபெர்த்தாத்’ (சுதந்திரம்), ‘அமெரிக்கானோஸ்’ (அமெரிக்கர்கள்) என்று ஆங்கிலக் கவிதைக்குள் தூவிவிடுவார். தோழன் என்பதற்கு ‘கமராடோ’ என்று ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். சரியான ஸ்பானிஷ் ‘கமராதா’. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவேதான். ஆங்கில வாசகனுக்கு இந்தச் சொற்கள் தூரதேசத்து மணம். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பில் ‘லிபெர்த்தாத்’ மற்ற சொற்களோடு கலந்து காணாமல் போகும். சிலர் சாய்வெழுத்தில் போட்டோ குறிப்பு எழுதியோ காட்டுவார்கள். ‘கமராடோ’வைத் திருத்தினால் விட்மனின் பிழை போய்விடும், விட்டால் அச்சுப்பிழை போலத் தெரியும். எளிதில் தீராத இடம் என்பதால் இதையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: உரைநடை

கவிதையோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். 1855 முன்னுரையை முதலில் படியுங்கள். பாதி கவிதைதான், பின்னால் அதிலிருந்தே வரிகளை எடுத்துக் கவிதைகளில் பயன்படுத்தினார். ‘டெமாக்ரட்டிக் விஸ்டாஸ்’ 1871-ல் வந்தது. ஸ்பானிஷில் ‘பெர்ஸ்பெக்தீபாஸ் தெமொக்ராத்திகாஸ்’. வாக்கியங்கள் மைல் நீளம், ஸ்பானிஷ் புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘ஸ்பெசிமன் டேஸ்’ 1882-ல் வந்தது, ஸ்பானிஷில் ‘தீயாஸ் எஹெம்ப்ளாரெஸ்’. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால மருத்துவமனைக் குறிப்புகள், பறவைகள், ஓடைக்கரை. சிறு சிறு பத்திகள், எளிய வாக்கியங்கள். மொழி கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. இரவு இரண்டு பத்தி, அகராதி இல்லாமல் ஒரு தடவை, அகராதியோடு ஒரு தடவை.

கடைசியாக ஒரு கடிதம். 1883 ஜூலை 20, கேம்டனிலிருந்து நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரத்தாருக்கு விட்மன் எழுதியது. ஊர் விழாவுக்கு ஒரு கவிதை கேட்டிருந்தார்கள். கவிதை தர முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அமெரிக்கா என்பது பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து மட்டும் வந்தது என்று நினைப்பது பெரிய தப்பு, நாளைய அமெரிக்க அடையாளத்துக்கு மிகவும் வேண்டிய சில கூறுகளை ஸ்பானிய இயல்புதான் தரப்போகிறது என்று எழுதினார். பின்னால் ‘நவம்பர் பவ்ஸ்’ தொகுப்பில் சேர்ந்தது. அதைப் படிக்கும்போது பக்கத்தில் இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அதே மனிதர் 1846-ல் ‘புரூக்ளின் டெய்லி ஈகிள்’ ஆசிரியராக இருந்தபோது மெக்சிகோ மீதான போரை ஆதரித்து, அந்த நாட்டைக் கையாலாகாதது என்று தலையங்கம் எழுதினார். மெக்சிகோவில் இதை யாரும் மறக்கவில்லை. 1971-ல் மவுரிசியோ கோன்சாலெஸ் தே லா கார்சா என்ற எழுத்தாளர், விட்மனை இனவெறியர், ஏகாதிபத்தியவாதி, மெக்சிகோ விரோதி என்று அட்டையிலேயே போட்டு ஒரு புத்தகம் எழுதினார். கடிதத்தையும் தலையங்கத்தையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு 51-ஆம் பகுதிக்குத் திரும்பிப் போய், ஃபெலிப்பேயின் ‘இ, கே?’ வரியை இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.